கதவு பூட்டியிருக்கிறதா?

"எல்லாக் கதவையும் பூட்டிட்டீங்களா? இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

இதையே அவள் டிக்கெட் கவுண்டரிலும் கேட்டாயிற்று. வீட்டில் கேஸை மூடிவிட்டு வந்து படுத்தவள், எழுந்து போய் மறுபடியும் மூடிப் பார்க்கிற ஜாதி. கணவர் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே பூட்டம்மா.

"சிங்கத்துக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியாது, பூட்டம்மா."

"உங்க பொண்ணுக்குத் தெரியுமே."

பின்சீட்டில் மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். சொந்தக் காரிலேயே சிங்கங்களுக்கு நடுவே ஓட்டிப் போகிற பூங்கா அது. இவர்கள் நுழைந்ததும் காவலாளி இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினார். அவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

ரேடியோவில் பூங்காவின் கதை ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கஸ் நொடித்துப்போன ஒரு சிங்க வித்தைக்காரர் தொடங்கிய இடமாம். மிருகத்தைக் கூண்டில் பார்த்துப் பார்த்து அலுத்த ஜனம், தாங்களே கூண்டுக்குள் உட்கார்ந்து பார்க்க வரிசைகட்டி நின்றதாம். அவரே சிங்கங்களுக்கு நடுவில் நடந்து வந்து, ஒவ்வொரு காரின் கதவையும் இழுத்துப் பார்ப்பாராம். பூட்டியிருந்தால் குழந்தைகளுக்குக் கையாட்டிவிட்டுப் போவாராம்.

இப்பவும் அப்படி ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று பூட்டம்மா பெருமூச்சு விட்டாள்.

வளைவில் கணவர் பிரேக்கை அழுத்தினார். புதர்களுக்கு நடுவிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை, அடிமேல் அடி வைத்து வந்தார். சற்றுப் பின்னால் மூன்று சிங்கங்கள் வந்தன. அவர் நின்றால் அவையும் நின்றன.

பூட்டம்மா தன் பக்கத்து லாக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

முன்னால் நின்ற காரின் கதவை அவர் இழுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்தவர்கள் கையாட்டினார்கள். கார் நகர்ந்தது.

"பாத்தியா, அந்தக் காலத்துப் பழக்கத்தை இன்னும் விடலை" என்று கணவர் போனை எடுத்துப் படம்பிடித்தார்.

காக்கிச் சட்டைக்காரர் இவர்களிடம் வந்தார். முகமெல்லாம் வேர்வை. பல் தெரிந்தது, சிரிக்கிறார் போல. உதடுகள் அசைந்தன, ஏற்றிய கண்ணாடியிலும் ரேடியோ சத்தத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவை மெதுவாக இழுத்தார். பிறகு முன்கதவை. மறுபடியும் பின்கதவை. தன்னைப் போலவே ஒரு ஆள் என்று பூட்டம்மாவுக்கு அவர்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

"என்னவோ சொல்றாரும்மா" என்று மகள் லாக் பக்கம் கையைக் கொண்டுபோனாள். பூட்டம்மா எட்டி அந்தக் கையை வெடுக்கென்று பிடித்தாள். லாக்கை இன்னொரு தடவை அழுத்திவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அவர் இல்லை என்று தலையாட்டினார். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அப்படியே நின்றார். அந்தக் கண்களைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"போதும், கிளம்புங்க. எனக்குப் பிடிக்கலை."

கார் நகர்ந்தது. மகள் திரும்பி உட்கார்ந்து, வளைவு மறைக்கும்வரை கையாட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் ஐந்து விரலின் ஈரம் காயாமல் இருந்தது.

வெளிவாசலில் காவல்காரர் காரை நிறுத்திப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"எங்க ரோந்து ஜீப் உள்ளே நின்னுபோச்சும்மா. பழைய வண்டி, கதவும் சரியா சாத்தாது. அப்படி ஆயிட்டா, வர்ற கார்ல ஏறி வந்துடறது எங்க வழக்கம். ஜீப் டிரைவர் உங்ககூட வரலையா?"

பூட்டம்மா கண்ணாடியில் இருந்த விரல் ஈரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னால போன கார்லயும் இல்லை" என்றவர், அவர்களுக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த பாதையைப் பார்த்தார். "நீங்கதானேம்மா கடைசி வண்டி?"