ஒரே சாவி

"பழைய ஜன்னல்ல வெறும் கொக்கிதான் சார். குழந்தைகூடத் திறந்துடும்," என்றான் ஜன்னல் மாற்ற வந்த ஃபிட்டர்.

"அதான் தொல்லையே," என்று வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "என் மனைவி தூக்கத்துல நடக்கிறா. திடீர்னு நான் முழிச்சுப் பார்த்தா ரெண்டு பேரும் இந்த ஜன்னல்கிட்ட நிக்கிறோம். என் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கா. இந்த மாசம் மூணாவது தடவை."

ஃபிட்டர் எட்டிப் பார்த்தான். மூன்றாவது மாடி. கீழே சிமென்ட் தரை.

"சாவி போட்டாத்தான் திறக்கிற ஜன்னல் இருக்கு சார். ஒரே சாவி. ஆர்டர்ல கையெழுத்துப் போட்டவர்கிட்டதான் கொடுப்போம். அது எங்க கடை வழக்கம்."

"எங்கிட்டயே கொடுப்பா. அவகிட்ட மூச்சு விடாதே."

மாலைக்குள் புது ஜன்னல் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் வெளியே கிளம்பியதும் மனைவி வந்தாள். அவள் மணிக்கட்டு நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"அண்ணே, சாவியைக் கொடுங்க."

ஃபிட்டர் நெளிந்தான். "நீங்க தூக்கத்துல நடக்கிறதா சார் சொன்னாரும்மா..."

"நடக்கிறது அவர். ஜன்னலைத் திறந்து காலைத் தூக்கி வைப்பார். நான் இழுத்ததும் முழிச்சுக்கிட்டு, 'மறுபடியும் நடந்தியா?'ன்னு என்னையே திட்டுவார். உண்மையைச் சொன்னா தூங்கவே பயப்படுவாரேன்னு விட்டுட்டேன். இன்னியிலேர்ந்து எனக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி. இழுக்க ஆள் கிடையாது. தூக்கத்துலயே வாசல் பூட்டைச் சாவி போட்டுத் திறக்கிற மனுஷன்ணே. கொடுங்க."

ஃபிட்டர் வெறும் கையை விரித்தான்.

"கழுத்துச் சங்கிலியில கோத்து மாட்டிக்கிட்டாரும்மா. தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டாராம்."