படிக்கட்டு ஜன்னல்

அம்மாக்கண்ணு பங்களா வாசலில் நின்றவள் நின்றவள்தான். முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை.

மகள் பிரேமினிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

நோர்வூட்டிலிருந்து பஸ் மாறி, வட்டகொடையில் ஆட்டோ பிடித்து, பாதி வழியில் தலை சுற்றுகிறது என்று நிறுத்தி, ஒருவழியாக அம்மாவை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். பார்க்க வந்தது உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாசலில் நின்று என்ன பிடிவாதம்?

பார்க்க வந்தது ஒரு ஜன்னல்.

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். மாடிக்கு ஏறும் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஆள் உயர ஜன்னல் ஒன்று கண்ணாடி போய், பலகை அடித்துக் கிடந்தது. அதற்கு வண்ணக்கண்ணாடி செய்துதரச் சொல்லி, ஹட்டனில் பட்டறை வைத்திருக்கும் பிரேமினியைத் தேடி வந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி அதில் இருக்க வேண்டும் என்றார்கள்.

யார் முகத்தை வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. இது அம்மா பிறந்த தோட்டம்.

கல்யாணமாகி நோர்வூட் போன அம்மா அதன் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இங்கேயே இருக்கும் மாமா வீட்டு நல்லது கெட்டதுக்குக்கூட அப்பாதான் தனியாக வந்துபோவார். தொழிலாளர் லயத்து வீட்டில் ஏதோ பங்குச் சண்டை என்று பிரேமினி தானாகவே முடிவு கட்டியிருந்தாள். கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

எந்த ஊருக்கு, எந்தக் கட்டிடத்துக்கு என்று சொல்லாமலேதான் அம்மாவை உட்காரவைத்து வரைந்தாள். கடைசியில் ஒரே அடியாகக் காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. அம்மாவும் வெட்கப்பட்டுக்கொண்டே, சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள்.

வரைந்ததைத் துண்டு துண்டாக வெட்டி, அந்த அளவுக்குக் கண்ணாடியை அறுத்து, விளிம்பை உரசி, ஒவ்வொன்றாக ஈயப் பட்டைக்குள் பொருத்தி, மூட்டுக்கு மூட்டுப் பற்றவைத்தாள். தேயிலைச் செடிக்கு மட்டும் எத்தனை பச்சை! கீறல் படாத விரல் இல்லை.

முகம்தான் பாடாய்ப் படுத்தியது. கண்ணாடிமேல் கறுப்புச் சாயத்தால் கோடு இழுத்துச் சூளையில் சுட வேண்டும். சுட்ட பிறகு சுரண்டினாலும் போகாது. முதல் முகம் சூளையிலேயே வெடித்தது. அடுத்ததில் அம்மா வேறு யாரோ மாதிரி இருந்தாள். அதற்கடுத்தது வெளியே வந்தபோது பிரேமினி அழுதேவிட்டாள். அப்படியே அம்மா.

ஹோட்டல் மேனேஜர் கஜதீபன் யாழ்ப்பாணத்துப் பையன், நல்ல மாதிரி. முகம் கொஞ்சம் சிரித்தால் நன்றாக இருக்குமே என்று மட்டும் சொல்லிப் பார்த்தான். கொழுந்து எடுக்கிறவள் எவளும் இளித்துக்கொண்டு எடுப்பதில்லை என்று பிரேமினி ஒரே போடாகப் போட்டாள்.

இப்போது அவனே கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"வாங்கோ அம்மா. ஏன் வெளியில நிக்கிறியள்?"

அம்மா அசையவில்லை. வாசலுக்கு மேலே தெரிந்த அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் வண்ணக்கண்ணாடி வெளியே நிற்கிறவர்களுக்கு எதையும் காட்டாது. அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுத்துக் கிடக்கும். உள்ளே போய், வெளிச்சத்துக்கு எதிரே நின்று பார்த்தால்தான் நிறமும் முகமும். இதை விளக்கி விளக்கிப் பிரேமினிக்கு வாய் வலித்தது.

"மாடி ஏறுற எல்லாரும் ஒங்க மொகத்தப் பாத்துட்டுதாம்மா போறாங்க. நீங்க மட்டும் பாக்காம நின்னா எப்புடி?"

கூச்சம்தான் என்று நினைத்தாள். தோட்டத்துச் சனத்துக்குப் பங்களாவின் பின்னால் சமைக்கிற குசினிப் பக்கம்தான் தெரியும். முன்வாசல் அவர்களுக்கு இல்லை. அந்தப் பயம் அம்மாவை இன்னும் விடவில்லை. நினைக்கக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு வாசலை அம்மா நிமிர்ந்து தாண்ட வேண்டும். அதற்காகத்தானே இத்தனை பாடும்.

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா காலை ஊன்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. இப்ப இங்க எந்தத் தொரையும் இல்ல."

அம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள். கோபமில்லை. பிள்ளை ஆசையாகச் செய்ததைக் குறை சொல்ல மனம் வராத தவிப்புதான் இருந்தது. கஜதீபனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணத்துக்கு முந்தி நான் இங்கதான் பங்களா வேலைக்கி நின்னேன். அந்தப் படிக்கட்டு திரும்புற எடத்துலதான் தொரை என்னையப் புடிச்சான். கடிச்சி உதறிட்டு, இந்த முன்வாசல் வழியாத்தான் ஓடியாந்தேன். அதோட சரி."

பிரேமினி கையை விட்டுவிட்டாள்.

"நீ என்னையக் கொண்டுபோயி அங்கயே நிக்க வச்சிட்டியேம்மா."