தொழுவத்துப் பூனை

"பூனைக்கெல்லாம் இங்க இனாமா வைத்தியம் கெடையாதும்மா. இது மாட்டாஸ்பத்திரி. வெளிய போர்டு தொங்குதே, பாக்கலியா?"

அருப்புக்கோட்டை மாட்டாஸ்பத்திரியின் கம்பவுண்டர் அப்பய்யா இப்படிச் சொல்லிவிட்டு, ஒரு கிடாரியின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றப் போய்விட்டார். வாசலில் நின்ற பெண் நகரவில்லை. அவள் இடுப்பில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் சாம்பல் நிறப் பூனை ஒன்று, முன்னங்கால் ஒடிந்து தொங்க, கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"எழுத்துப் படிக்கத் தெரியாதுங்கய்யா. விடியமுன்னக் கெளம்பி பாலவனத்தத்துல இருந்து நடந்து வாரேன்."

"டாக்டரய்யா திருச்சுழிப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போடப் போயிருக்காக. அவுக இருந்தாலும் இதத்தான் சொல்லுவாக. ஆடு மாடுன்னா இனாம். நாய், பூனைன்னா காசு கட்டணும்."

"காசுக்கு எங்கங்கய்யா போவேன்? இந்தக் கொட்டடியப் பூராம் கூட்டிக் கழுவி விடுறேன். அதுக்குப் பெறகு பாருங்க."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியைச் சுவரோரம் வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், விளக்குமாற்றை எடுத்தாள். கூட்டுகிற ஆள் மூன்று நாளாக வராததால் கொட்டடி நாறிக் கிடந்தது. கிடாரிக்கு மருந்து இறங்கி முடிவதற்குள் பாதிக் கொட்டடி பளிச்சென்று ஆகிவிட்டது.

அப்பய்யாவுக்கு வாய் மட்டும்தான் கடுசு. அவர் வீட்டில் தறி ஓடியது. இந்த உலக யுத்தக் காலத்தில் நூல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. கிடைத்த நூலுக்குக் கஞ்சி போட்டு வைத்தால், கஞ்சி வாசத்துக்கு எலி வந்து கத்தரித்துவிட்டுப் போகும். அதனால் அவர் வீட்டில் பூனைக்கு மருமகனுக்கு நடக்கிற மரியாதை நடக்கும்.

"சரி சரி, கொண்டா இங்க. ஒம் பேரென்ன?"

"ஒச்சம்மா."

நோட்டை எடுத்து, 'கன்று ஒன்று. நிறம் சாம்பல். முன்னங்கால் முறிவு' என்று எழுதினார்.

"கண்ணுக்குட்டின்னு எழுதியிருக்கேன். டாக்டரய்யா வந்தா அத மியாவ்னு கத்தாமப் பாத்துக்க."

அவள் சிரிக்கவில்லை. பூனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"பண்ணைவீட்டுத் தொழுவத்துல கெடக்குற பூனைங்கய்யா. நா அங்கதான் வேல பாக்குறேன். கறந்து வைக்கிற பாலு தெனமும் அரைச் செம்பு குறையுதுன்னு பண்ணையம்மாவுக்கு ஆத்திரம். நேத்து இது பால்பானைப் பக்கத்துல படுத்திருந்துச்சு. வெறகுக்கட்டைய எடுத்து எறிஞ்சுட்டாக."

"அடி கள்ளி!" என்று பூனையின் காதைச் செல்லமாகத் திருகினார் அப்பய்யா. "பாலு குடிக்கத் தெரியுது, ஓடத் தெரியலையாக்கும்?"

"அத ஏசாதீகய்யா. வாயில்லாச் சீவன்."

சொல்லிக்கொண்டே பூனையின் காதிலிருந்து அவர் கையை விலக்கினாள். அப்பய்யாவுக்குச் சங்கடமாகிவிட்டது. மேற்கொண்டு கேலி பேசாமல் மூங்கில் தப்பையைச் சீவினார், எலும்பை நேராக்கிச் சேர்த்து வைத்துக் கட்டினார். வலி பொறுக்காமல் பூனை ஒச்சம்மாளின் மணிக்கட்டைப் பிராண்டி எடுத்துவிட்டது. ரத்தம் வந்தும் அவள் பிடியை விடவில்லை.

"இன்னைக்கே நொண்டி நொண்டியாச்சும் நடக்குமாய்யா?"

"இன்னைக்கேவா? நல்லாக் கேட்ட போ! எலும்பு கூடுற வரைக்கும் அசையப்படாது. பத்து நாளு இங்கயே கெடக்கட்டும். நாம் பாத்துக்கிறேன். எங்க வீட்டுச் சோத்துலயே ஒரு வாய் போடுறேன். நீ காலணா தர வேணாம்."

கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகம் வெளுத்துப் போனது.

"பத்து நாளா! வேணாங்கய்யா. நா இப்பவே தூக்கிட்டுப் போயிருறேன். கைப்புள்ளைய அடுத்த வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"அப்ப நீ போ. பூனை இருக்கட்டும்."

"அது இல்லாம நா மட்டும் போயி என்ன செய்ய? அது தொழுவத்துல இருக்கணும்யா. வைக்கோலுக்குள்ள பொத்திப் பொத்தி வச்சுக்கிறேன்."

அப்பய்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை தூரம் சுமந்து வந்தவள், காப்பாற்றுகிறேன் என்றால் மாட்டேன் என்கிறாளே!

"ஒனக்கென்ன கிறுக்கா? மறுபடியும் கட்டை பறந்தா இது பொழைக்குமா? கள்ளப் பூனை பத்து நாளு கண்ணுல படாம இருந்தா ஒங்க பண்ணையம்மாவுக்கும் நிம்மதி. பாலாவது குறையாம இருக்கும்ல?"

அதைக் கேட்டதும் ஒச்சம்மாள் ஓலைப்பெட்டியை மாரோடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று பூனையின் கட்டு மேல் விழுந்தது.

"அந்த அடி எனக்கு விழ வேண்டியதுங்கய்யா. இது ஒரு நாளும் பாலுல வாய் வச்சதில்ல. எனக்கு மாருல பாலு வத்தி ரெண்டு மாசமாச்சு... பத்து நாளு இது இங்க கெடந்தா, அங்க எம் புள்ள என்னத்தங்கய்யா குடிக்கும்?"