வெள்ளிக்கிழமை சாகும் பெட்டி

"இந்தப் பெட்டிக்கு உங்க மேல அப்படி என்ன கோபம், லொரெட்டா?"

வாரிக் ஒருமுறை இப்படிக் கேட்டிருக்கிறார். "உள்ள பல்லி போயிடுது" என்று சொல்லிவிட்டு லொரெட்டா சமையலறைக்குள் ஓடிப்போனாள்.

இன்று அதே கேள்வியை நெவில் கேட்டார். நெவில் கேட்டால் ஓட முடியாது. கரும்பாலைக்குப் பின்னால் இருக்கும், புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பின் தலைவர் அவர். அவள் அங்கே பார் மேனேஜர்.

"வெள்ளிக்கிழமை ஆனா கேமராப் படம் பதியுற பெட்டி செத்துப்போகுது. நேத்து குலுக்கல் பரிசா வெச்சிருந்த கறித்தட்டைக் காணோம். மொத்தக் கூட்டமும் கையில சீட்டை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பார்த்துச்சு. நான் என்ன பதில் சொல்ல?"

"பல்லிதான்..."

"பல்லி முழு ஆட்டுக்காலைத் தூக்கிட்டுப் போகுமா?"

பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த வாரிக் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல்.

அந்த ஊரில் கேமரா, ஆன்டெனா, மீன்தொட்டி மோட்டார் எதைப் பழுது பார்க்கவும் வாரிக் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை பெட்டி சாகும். லொரெட்டா போன் செய்வாள். சனிக்கிழமை காலையில் வந்து மூடியைத் திறப்பார், தூசி ஊதுவார், மூடுவார், மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து எழுவார். பெட்டிக்கு உயிர் வந்துவிடும். அவள் நீட்டும் பூசணி ஸ்கோன் ரொட்டியை வெண்ணெய் வழியத் தின்றுவிட்டு, காது மடல் சிவக்க, "நல்லாருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் அடுத்த சனிக்கிழமை வரை ஓட்டிவிடுவாள்.

"போதும்ப்பா" என்றார் நெவில். "டவுன்ஸ்வில்லேர்ந்து ஒரு கம்பெனி புது மிஷின் தர்றாங்க. எல்லாப் படத்தையும் அதுவே காப்பி எடுத்து வருஷக்கணக்கா வெச்சுக்குமாம். கமிட்டி ஆளுங்க எல்லார் போன்லயும் தெரியுமாம். கெட்டே போகாதாம். வாரிக், தப்பா எடுத்துக்காதய்யா. இனிமே நீ வர வேண்டியதில்ல."

லொரெட்டா கையிலிருந்த ஸ்கோன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கெட்டே... போகாதா?"

"போகாது."

"இந்தப் பெட்டி பாவம், நெவில். இத்தனை காலம் உழைச்சிருக்கு."

"உழைச்சுதா? வாரம் ஒரு நாள் லீவு போடுது! அது என்ன, உன் சித்தப்பாவா?"

வாரிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "நேத்துப் படம்தானே வேணும்? என்கிட்ட இருக்கு."

"எப்படி இருக்கும்? சாகும்போது அன்னைக்கு எடுத்ததை எல்லாம் முழுங்கிட்டுத்தானே சாகுது!"

"அதனாலதான் போன மாசம் பின்னாடி ஒரு குட்டி டிரைவ் சொருகினேன். பெட்டி சாகுற நிமிஷம் வரைக்கும் நடந்தது அதுல தனியா சேரும்."

"சாகுற நிமிஷம் வரைக்குமா?" லொரெட்டா பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா இதை முன்னாடியே சொல்லல?" என்றார் நெவில்.

"யாரும் கேக்கல."

"போடுய்யா! திருடன் எவனா இருந்தாலும் ஆயுசுக்கும் அவனை இந்த வாசப்படி மிதிக்க விடமாட்டேன்!"

"வேண்டாம் நெவில், எதுக்கு ஒருத்தரை அவமானப்படுத்திக்கிட்டு..."

"நீ கொஞ்சம் சும்மா இரு, தாயே."

திரையில் நேற்றைய மதியம் ஓடியது. ஆளில்லாத பார். மேடையில் கறித்தட்டு. கதவு திறந்தது. ஒரு பழுப்பு நாய் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் வந்தது. ஸ்டூலில் ஏறி, ஆட்டுக்காலைக் கவ்வி, பின்னால் சாசேஜ் சரம் மாலைபோல இழுபட, திரும்பி நடந்தது.

"அது உங்க டெக்ஸ் இல்ல, நெவில்?" என்றாள் லொரெட்டா.

டெக்ஸேதான். அதற்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி ஒருவர் உள்பக்கம் முதுகைக் காட்டிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். சாசேஜ் சரம் அவருடைய செருப்பின் மேலேயே ஊர்ந்து போனது. திரும்பிப் பார்க்காமலே நாயின் தலையைத் தட்டிக்கொடுத்தார் நெவில்.

திரைக்கு வெளியே இருந்த நெவிலின் கழுத்து பீட்ரூட் நிறத்துக்குப் போனது.

"வாசப்படி மிதிக்க விடமாட்டேன்னீங்களே" என்றார் வாரிக். "நாயை மட்டுமா, கதவு திறந்துவிட்டவரையும் சேர்த்தா?"

"நிறுத்துய்யா அதை! புது மிஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லார் போன்லயும் தெரிஞ்சா மானம் என்னத்துக்கு ஆகும்? இந்தப் பெட்டியே இருக்கட்டும். செத்தா நீயே வந்து எழுப்பு!"

"டெக்ஸ்! எங்கடா அந்தக் காலு?" என்று கத்திக்கொண்டே நெவில் வெளியே ஓடினார்.

லொரெட்டா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, வாரிக்."

அவர் நிறுத்தவில்லை.

நேற்றைய மாலை. பூப்போட்ட ஏப்ரன் கட்டிய ஒரு பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். பெட்டி வைத்திருந்த மேஜைக்கு அடியில் குனிந்தாள். பிளக்கைப் பிடித்தாள். திரை இருண்டது. வாரிக் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையைத் தட்டினார். அதே ஏப்ரன், அதே கை, அதே இருட்டு. அதற்கு முந்தைய வெள்ளியும் அப்படியே.

லொரெட்டாவுக்குத் தட்டால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் அதில் ஸ்கோன் இருந்தது.

வாரிக் டிரைவில் இருந்ததை எல்லாம் அழித்தார். பெட்டியை மூடி ஓடவிட்டார். தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு ஸ்கோனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

பிறகு குனிந்து, மேஜைக்கு அடியில் கைவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே போனார்.