கோடாலி சொல்லாமல் விட்டது

“நீதானே அந்த ரிடையர்டு இன்ஸ்பெக்டர்?”

பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, கையில் துப்பாக்கியோடு ஒருவன் நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. பட்டப்பகல் பதினோரு மணி, தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனார்கள்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போலீஸ் பதக்கம். அதன் கீழே நாற்காலியில், முறுக்கிவிட்ட மீசையோடு அவர். வந்தவனுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

“கோடாலி அண்ணன் ஜெயில்லேர்ந்து சொல்லி அனுப்பினாரு. இந்த வீட்டு இன்ஸ்பெக்டர் இன்னிக்கு உசுரோட இருக்கக்கூடாதாம்.”

அந்தப் பெயரைப் பெரியவர் எப்படி மறப்பார்? பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஊரையே ஆட்டி வைத்தவன். அவன் பிடிபட்ட அன்று இந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை.

உள் அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், பிறந்து நாற்பது நாளே ஆன பேத்தி.

“ஆமா, நான்தான்,” என்றார். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. “ஆனா இங்க வேணாம் தம்பி. உள்ள பச்சக் குழந்தை இருக்கு. வெளிய கூட்டிட்டுப் போயிடு, சத்தம் போடமாட்டேன்.”

எழுந்து நின்றுவிட்டார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்த மனைவி, துப்பாக்கியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சத்தம் வந்துச்சு, முதல்ல குழந்தைதான்,” என்றான் அவன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு புலம்ப ஆரம்பித்தாள். நீயும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், எல்லோருமாக உள்ளே வந்தால் குழந்தை பயந்து போகுமே என்றாள். தனியாகத்தான் வந்திருக்கிறேன், அழாதே என்றான் அவன். இவருக்கு வெயில் ஆகாதே, எவ்வளவு தூரம் நடக்க வைப்பாய் என்று கேட்டாள். தெருமுனையில் பைக் நிற்கிறது என்றான். கோடாலியே உன்னை நேரில் பார்த்துச் சொன்னானா, கல்நெஞ்சக்காரன் என்றாள். அவர் மச்சான்தான் வந்து சொன்னார், போதுமா என்று எரிந்து விழுந்தான்.

அவள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் பெரியவர் படித்த பாடம்.

“கடைசியா இவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துக்கறேன், தம்பி.”

அவன் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான். அவள் தள்ளாடியபடி செம்போடு திரும்பி வந்து, அவனைத் தாண்டிக் கணவரிடம் போனாள்.

போகவில்லை. செம்புத் தண்ணீர் முழுவதும் அவன் கண்ணில் போய் விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்து ஒரே திருகு. துப்பாக்கி நாற்காலிக்கு அடியில் ஓடியது. அவன் குப்புற விழுந்து கிடந்தான், அவன் பிடரியில் அவள் முழங்கால் இருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மகளைக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வரச் சொல்லி வாங்கி, அவன் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினாள். பிறகு நிதானமாகப் போனை எடுத்தாள்.

“வந்தது ஒரே ஆள். பைக் தெருமுனையில நிக்குது. ஏவிவிட்டது கோடாலியோட மச்சான். விஷயம் தெரிஞ்சு அவன் ஓடறதுக்குள்ள தூக்கிடுங்க.”

தரையில் கிடந்தவனுக்கு வலியைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. தலையைத் திருப்பிப் பெரியவரைப் பார்த்தான்.

“யாருய்யா இந்தப் பொம்பளை?”

பெரியவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நான் ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரா இருந்தவன், தம்பி. இன்ஸ்பெக்டர் அவங்க. கோடாலியை யாரும் பார்க்காத நடுராத்திரியில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனதும் அவங்கதான். ஒரு பொம்பளைகிட்ட மாட்டினேன்னு அவன் எந்த வாயால சொல்லுவான்?”