ஈரச்சாக்கு

கண்மாயில் பிடித்த தவளையைப் பானையில் விட்டு, ஈரச்சாக்கால் மூடுகிறான் சங்கையா. கல்லூரியில் முதல் வருடம். நாளைக்கு விலங்கியல் செய்முறை வகுப்பு. ஆளுக்கொரு தவளை கொண்டுவர வேண்டும், அது உயிரோடு இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. "சாக்கக் காயவிட்றாத ஆத்தா. செத்ததக் கொண்டு போனா வாத்தியாரு வாசலோட அனுப்பிருவாரு." அடுப்பு ஊதும் மாரித்தாய்க்குச் சிரிப்பு வருகிறது. "நீ அறுக்கப் போறதுக்கு நான் உசுரக் காக்கணுமாலே?" தீபாவளி சீசன் என்பதால் லீவு நாளில் அவனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை, கிளம்பிய அவன் சைக்கிளின் மணி தெருமுனையில் தேய்கிறது. கூரை ஓட்டையில் இறங்கும் வெயில் பானைமேல் விழ, அவள் சாக்கில் மறுபடி தண்ணீர் தெளிக்கிறாள். உலை கொதிக்கும் நேரம், வீட்டையே ஒருமுறை தூக்கிப் போடுகிறது. கண்மாய்க்கு அப்பால், கம்பெனிப் பக்கம் கரும்புகை. ஓடியவளை, எதிரே வரும் கருப்பணன் வழிமறிக்கிறான். அவனும் அங்கேதான் வேலை பார்க்கிறான், உடம்பெல்லாம் வெள்ளிப்பொடி. "போகாதீக அத்தை. நம்ம சங்கையா இருந்த ரூமே இல்ல." பெண்கள் அவளைத் தாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார்த்துகிறார்கள். அடுப்பு அவிந்து, பொங்கிய கஞ்சி தரையில் உறைகிறது. சாக்கு இன்னும் காயவில்லை. அதன் அடியில் தவளையின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.