நடுவில் முளைத்த சுவர்

சிறுமலைக் காட்டில் விதை ஊன்றி வளர்த்த முதல் குடில், அன்று விடியலில்தான் கூரை மூடியிருந்தது. கரண்டும் சிக்னலும் இல்லாத அந்த இடத்தில் தங்க, புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சாயங்காலம் வரவிருந்தது.

கதவு இலையை ஒதுக்கி உள்ளே போன செங்கமலம் திகைத்து நின்றாள். அறையின் நடுவே, பாயை இரண்டாக வகிர்ந்தாற்போல், பச்சைச் சுவர் ஒன்று முளைத்திருந்தது.

வளரும் குடிலுக்குள் மழைக்காலம் முழுக்க ஆள் படுத்து எழ வேண்டும். படுக்கிறவர்களைப் பார்த்து, கூரை மூடும் நாளில்தான் அது அறை வகுக்கும். ஜோடிக் குடிலுக்காக அவளும் கணவன் தணிகாசலமும் படுத்தார்கள். ஆனால் அவளைக் கேட்காமல் டவுன் வீட்டை விற்று அவன் இந்தக் காட்டை வாங்கியதிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளுக்கொரு பக்கம் திரும்பித்தான் தூங்கினார்கள்.

"வெட்டிப்புடலாமாங்க?" பின்னாலேயே உள்ளே வந்த கணவனிடம் கேட்டாள்.

"வெட்டுனா மொத்தமும் பட்டுப்போயிரும்." சுவரைத் தடவியபடி வந்தவன் குனிந்தான். "கமலம், இங்க பாரேன்."

பாய் மட்டத்தில், ஒரு கை நுழையும் அளவுக்குச் சுவர் வளராமல் விட்டிருந்தது. ஓரமெல்லாம் வழவழப்பு.

"உன் பக்கந்தான் அகலமா இருக்கு. தெனமும் கைய நீட்டியிருக்க."

"தூக்கத்துல நீட்டியிருப்பேன்."

இலைகளின் வழியே வெயில் பச்சையாக இறங்கியது. அவள் தன் பக்கத்துப் பாயில் மெல்லச் சாய்ந்தாள்.

"வர்றவங்கள நம்ம கொட்டகையில தங்க வைங்க. இது இன்னும் ஒரு மழை வளரட்டும்" என்றாள். "நீங்க அந்தப் பக்கம் போய்ப் படுங்க."

ஓட்டைக்குள் அவள் கை ஏற்கெனவே நீண்டிருந்தது.